சூடான பானட்

"ஒரு பழைய வண்டிய நம்பலாமா, கூடாதான்னு எப்படிக் கண்டுபிடிக்க, ஆசானே?"

நாடி பார்க்கக் கற்றுக்கொள்ள வந்தவர் கேட்கிற கேள்வியா இது? ஆனால் ஞானதாஸுக்கு அந்த மாதம் முழுக்க வேறெதுவும் மண்டையில் ஏறவில்லை. அவர் பொதுப்பணித் துறையில் ஓய்வு பெற்றவர். மனைவி போன பிறகு, வீட்டில் தனியாக உட்கார்ந்திருக்கப் பிடிக்காமல் ஆசானிடம் படிக்க வந்து சேர்ந்தார். நாடி வைத்தியரான ஆசான் அவரைவிட நாலைந்து வயது இளையவர்.

"என்ன வண்டி?"

"பெரிய வண்டி. வெளிநாட்டுக் கம்பெனி. ஏழு பேரு போலாம். புதுசு வாங்கணும்னா நான் இன்னொரு தடவ பொறந்து சம்பாதிக்கணும். மார்த்தாண்டத்துல ஒருத்தரு பழசா விக்காரு."

"வீட்டுல நீரும் ஒரு பூனையும். ஏழு சீட்டு எதுக்குவே?"

ஞானதாஸ் மகளைப் பற்றிச் சொன்னார்.

மகள் லிஜி ஆஸ்திரேலியாவில் இருக்கிறாள். கடைசியாக வந்திருந்தபோது திருவனந்தபுரம் விமான நிலையத்திலிருந்து தன் சின்னக் காரில்தான் கூட்டிவந்தார். பேரன் வழியெல்லாம் வாந்தி. "அப்பா, அடுத்த தடவ பெரிய வண்டியா வாங்கி வைங்க, அப்பதான் வருவோம்" என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டுப் போனாள். அவள் விளையாட்டாகச் சொன்னதுதான். அதற்குப் பிறகு அவள் வரவேயில்லை. வராத பிள்ளையை நினைத்து நினைத்து, அந்த விளையாட்டுப் பேச்சையே அவர் வாக்காகப் பிடித்துக்கொண்டார்.

"தோப்ப விக்கப் பேசியாச்சு. வண்டி மட்டும் நல்லதா அமையணும். நடுவழில நின்னுட்டா அந்தப் புள்ள மறுபடியும் வருமா?"

ஆசான் செருப்பை மாட்டினார். "வாரும், பாப்போம்."

"உங்களுக்கு வண்டியப் பத்தித் தெரியுமா?"

"ஒண்ணும் தெரியாது."

வண்டிக்காரர் ஏசுவடியான் ரப்பர் வியாபாரி. ஞானதாஸ் முன்கூட்டியே போன் செய்திருந்ததால் வாசலிலேயே காத்திருந்தார். வெள்ளை வண்டி, ஷெட்டுக்குள் ராஜா மாதிரி நின்றது. ஞானதாஸ் டயரைப் பார்த்தார், பெயின்டைத் தடவினார், கதவைத் திறந்து தோல் சீட்டை மோந்துகூடப் பார்த்தார். பின்சீட்டில் ஏறி உட்கார்ந்து, பேரன் உட்காரப்போகும் இடத்தில் கையை வைத்துக்கொண்டார். பார்க்கப் பாவமாக இருந்தது.

"ஒரு மாசமா எடுக்கவே இல்ல சார்," என்றார் ஏசுவடியான். "ஆனா பாருங்க, ஒரே திருப்புல கெளம்பிரும்."

சாவியைத் திருப்பினார். வண்டி உடனே கிளம்பியது, கரகரவென்ற சத்தமே இல்லை. ஞானதாஸின் முகம் மலர்ந்துவிட்டது.

சாவியைத் திருப்புவதற்கு முன்பே ஆசான் எஞ்சின் மூடியான பானட்டின் மேல் உள்ளங்கையை வைத்திருந்தார். இப்போது எடுத்தார்.

"சூடா இருந்துதே."

"வெயிலு," என்றார் ஏசுவடியான்.

ஷெட்டுக்குள் வெயில் ஏது? ஆசான் அதைக் கேட்கவில்லை. "இன்னொரு நாள் வாறோம்," என்று மட்டும் சொன்னார்.

திரும்பும் வழியில் ஞானதாஸ் பொறுக்கமாட்டாமல் கேட்டார். "நல்லாத்தானே இருக்கு ஆசானே? கைய வச்சுட்டு ஏன் வந்துட்டீங்க?"

"ஓடி வந்தவன் கைய நாம உடனே புடிப்பமா?"

ஞானதாஸ் படித்த முதல் பாடமே அதுதான். நடந்து வந்தவர், சாப்பிட்டு வந்தவர், காப்பி குடித்து வந்தவர், யாருடைய நாடியையும் ஆசான் தொடமாட்டார். விடிகிற நேரத்தில் வெறும் வயிற்றோடு வரச் சொல்லுவார். அப்போதுதான் உடம்பு உள்ளதைச் சொல்லும்.

ஞாயிற்றுக்கிழமை, விடிந்தும் விடியாமலும், சொல்லாமல் கொள்ளாமல் இருவரும் போய் நின்றார்கள். ஏசுவடியான் லுங்கியோடு, வாயில் பிரஷ்ஷோடு வந்தார். பானட் சில்லென்று இருந்தது.

சாவியைத் திருப்பியதும் வண்டி குலுங்கியது. உள்ளே இரும்பும் இரும்பும் முட்டிக்கொள்கிற சத்தம். பின்னால் நீலப் புகை ஷெட்டை நிறைத்தது. கொஞ்ச நேரத்தில் சத்தம் அடங்கி, அன்றைக்குப் பார்த்த அதே வண்டியாகிவிட்டது.

ஏசுவடியான் வாயைக் கொப்பளித்துவிட்டு வந்தார். கோபப்படவில்லை.

"ஆளு வருதுன்னா கொஞ்சம் முன்னாடி ஓட்டி வச்சிருவேன் சார். வாறவங்க முன்னால நல்லா இருக்கணும்லா."

ஞானதாஸ் பின்சீட்டை ஒருதரம் பார்த்துவிட்டுத் திரும்பினார். வண்டி போனதைவிட, அதில் மனதால் ஏற்றிவைத்த பிள்ளைகளும் போனதுதான் அவரால் தாங்க முடியவில்லை.

"வீட்டுக்கு வாங்க ஆசானே. ஞாயித்துக்கிழமன்னா லிஜி கூப்பிடுத நேரம்."

வீட்டுக்கு வந்ததும் ஞானதாஸுக்கு இருமல் பிடித்துக்கொண்டது. காலையில் அப்படித்தான். கட்டிலைப் பிடித்துக்கொண்டு இருமுவார், எழுந்து நிற்க முடியாது. அவசர அவசரமாக மிளகு தட்டிப்போட்டு வெந்நீர் கொதிக்கவைத்துக் குடித்தார். இருமல் அமர்ந்தது. முகம் கழுவி, தலை சீவி, சலவைச் சட்டை போட்டுக்கொண்டார். வெள்ளையடித்த ஒரே சுவரின் பக்கம் நாற்காலியைத் திருப்பி உட்கார்ந்தார். ஆசான் ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

போன் அடித்தது, வீடியோ அழைப்பு.

"மக்களே! நல்லா இருக்கேன். எனக்கென்ன கொறச்சல்? கல்லு மாதிரி இருக்கேன்," என்றார் மகளிடம்.

"பாத்தாலே தெரியுதுப்பா, ஆள் சூப்பரா இருக்கீங்க," என்றாள் லிஜி. "இந்த வருசமும் லீவு கஷ்டந்தாம்ப்பா. நீங்க நல்லா இருக்கீங்கல்ல, அது போதும் எனக்கு."

"அது போதும் மக்களே."

போன் அணைந்தது. ஞானதாஸ் சிரித்த முகம் மாறாமல் கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு இருமல் திரும்பி வந்தது. கண்ணில் நீர் வந்தது. இருமலால் மட்டும் வந்த நீர் இல்லை அது.

"எப்பதான் வருவா, ஆசானே?" என்றார். "வேற வண்டி எங்கயாவது பாக்கணும்."

வெந்நீர் குடித்த டம்ளர் மேசைமேல் இருந்தது. ஆசான் அதன்மேல் உள்ளங்கையை வைத்தார்.

"சூடா இருக்குவே," என்றார். "அடுத்த ஞாயித்துக்கிழம இத குடிக்காம போன எடும்."