கையைப் பிடித்து இழுக்காத ஊர்

காங்கயம் பக்கத்தில் மாட்டுத்தீவனம் அதிகமாக விற்ற மூன்று பேரை, தீவனக் கம்பெனிக்காரர்கள் தங்கள் செலவில் வியன்னாவுக்கு அனுப்பி வைத்தார்கள். மாட்டுக்கு எது நல்லது என்பது மூவருக்கும் அத்துப்படி. மற்ற விஷயங்களில் கொஞ்சம் முன்னே பின்னே.

மூத்தவர் சென்னியப்பன். கம்பெனி கொடுத்த வண்ணத்தாளில் வியன்னாவின் சாக்லேட் கேக் படத்தைப் பார்த்ததிலிருந்து மனுஷனுக்குத் தூக்கம் போச்சு. கறுகறுவென்று கேக், ஓரத்தில் கிரீம், பக்கத்தில் நுரை ததும்பக் காபி. "இதைத் தின்னாம வந்தா இந்தக் கட்டை வேகாதுங்க" என்று தவிடு வாங்க வந்தவர்களிடமெல்லாம் சொல்லிவைத்தார்.

கிளம்புகிற அன்று மனைவி தெய்வாத்தாள் வழிமறித்தாள். போன தை மாசம் சம்பந்தி வீட்டு விருந்தில், ஒருத்தரும் கூப்பிடாமலே இவர் முதல் பந்தியில் போய் உட்கார்ந்த வயிற்றெரிச்சல் அவளுக்கு இன்னும் ஆறவில்லை.

"ஏனுங்க, போற எடத்துலயாவது மானத்தை வாங்காதீங்க. சாப்பிடச் சொன்னா, வேண்டாமுங்க, இப்பத்தான் சாப்ட்டு வந்தோம்னு சொல்லோணும். அவிங்க கையைப் புடிச்சு இழுத்தாத்தான் உக்காரோணும். ஆமா, சொல்லிப்போட்டேன்."

சென்னியப்பன் தலையாட்டினார். கூட வந்த மச்சினன் நாச்சிமுத்துவும் பங்காளி அப்பாச்சியும், எதற்கும் இருக்கட்டுமென்று சேர்ந்து ஆட்டினார்கள்.

வியன்னா ஓட்டலில் காலைப் பலகாரம் வரிசையாக வைத்திருந்தார்கள். தட்டை அவரவரே எடுத்துக்கொள்ள வேண்டுமாம். கூப்பிட ஆளில்லாத பந்தி! மூன்று பேரும் மரியாதையாகச் சுற்றிப் பார்த்துவிட்டு வெறும் வயிற்றோடு வெளியே வந்தார்கள்.

கம்பெனி ஏற்பாடு செய்திருந்த தமிழ் வழிகாட்டி சொன்னார்: "இன்னைக்கு உங்க இஷ்டம்போல சுத்துங்க. அந்தப் பெரிய சர்ச் கோபுரத்தை மட்டும் கண்பார்வையிலருந்து விட்டுடாதீங்க, தொலைஞ்சு போக மாட்டீங்க."

அவர் ஒரு பேச்சுக்குச் சொன்னார். இவர்கள் கோபுரத்தைப் பார்த்தபடியே பின்பக்கமாக நடக்க ஆரம்பித்தார்கள். அரண்மனை, சிலை, பூங்கா எல்லாவற்றையும் தாண்டிப் போன பிறகுதான் பார்த்தார்கள். அப்பாச்சி முதுகால் போய்க் குதிரைவண்டியில் முட்டி, குதிரையிடம் மன்னிப்புக் கேட்டு, வண்டிக்காரரிடம் "இதுக்குத் தவிடு பத்தலைங்க" என்று சொல்லிவிட்டு வந்தார்.

முதல் காபிக்கடை வந்தது. நல்லவேளை, ஜன்னலில் கோபுரம் தெரிந்தது. கறுப்புக் கோட்டுப் போட்ட சர்வர் சிரித்துக்கொண்டே நாற்காலியைக் காட்டினார்.

"வேண்டாமுங்க, இப்பத்தான் சாப்ட்டு வந்தோம்" என்று மூவரும் கும்பிட்டுக் கையை ஆட்டினார்கள்.

சர்வர் போயே போய்விட்டார்.

"வருவாருங்க. நம்ம கையைப் புடிக்கோணுமல்ல, கை கழுவப் போயிருப்பாரு" என்றார் சென்னியப்பன்.

வரவில்லை. அடுத்த கடையிலும் அதே கதை. அதற்கடுத்த பாரில், பக்கத்தில் நின்ற ஒரு வெள்ளைக்காரர் இவர்களைப் பார்த்துக் கிளாஸை உயர்த்தினார். "வேண்டாமுங்க" என்றார் அப்பாச்சி. அந்த ஆள் ஒரே மடக்கில் தானே குடித்துவிட்டார்.

"ஒரு தடவைக்கு மறு தடவை சொல்லலை பாருங்க. பாவம், நல்லது கெட்டது சொல்லித்தர வீட்டுல ஆளில்லை போல" என்று அப்பாச்சி வருத்தப்பட்டார்.

பொழுது சாயும்போது, சுவரெல்லாம் கண்ணாடி பதித்த ஒரு பெரிய கடைக்குள் நுழைந்தார்கள். அங்கே கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தது அதே கேக்! சென்னியப்பனுக்கு வாயில் எச்சில் ஊறியது, கண்ணில் தண்ணியே வந்துவிட்டது. பசி வேறு காதை அடைத்தது.

நாச்சிமுத்துவுக்குத்தான் யோசனை உதித்தது. "மச்சான், இந்த ஊர்க்காரன் இழுக்காட்டிப் போறான். நம்மள்ல ஒருத்தரு இழுத்தா ஆகாதா?"

"ஆரு இழுக்கறது?"

"மூத்தவரு நீங்கதான்."

சென்னியப்பன் இருவர் கையையும் பிடித்து இழுத்தார். "அட உக்காருங்க, ஒரு வாய் சாப்பிட்டா என்ன கொறைஞ்சா போயிரும்?" இருவரும் வேண்டாம் வேண்டாமென்று சொல்லி, அழகாக உட்கார்ந்தார்கள். கேக் வந்தது, காபி வந்தது. இவர் நின்றுகொண்டே, "இன்னொண்ணு வெச்சுக்குங்க" என்று உபசரித்தார். அவர்களும் வைத்துக்கொண்டார்கள்.

"மாப்ள, எனக்கும் கொஞ்சம் பசிக்கற மாதிரி..." என்று இழுத்தார் சென்னியப்பன்.

நாச்சிமுத்து விரலை நக்கியபடி யோசித்தான். "மச்சான், இப்ப நீங்க வீட்டுக்காரரு, நாங்க விருந்தாளி. விருந்தாளி போயி வீட்டுக்காரரைச் சாப்பிடச் சொன்னா நல்லாவா இருக்கும்?"

"அதுவும் நாயந்தானுங்கண்ணா" என்றார் அப்பாச்சி, வாய் நிறைய கிரீமோடு.

நாயம்தான், என்ன செய்வது! வீட்டுக்காரர் ஆனபிறகு ஒரு மேஜையை மட்டும் கவனித்தால் ஓரவஞ்சனை ஆகிவிடாதா? சென்னியப்பன் பக்கத்து மேஜைக்குப் போனார். அங்கே ஒரு வெள்ளைக்காரம்மா பாதிக் கேக்கோடு எழுந்துகொண்டிருந்தார். "அதெப்படீங்க, மிச்சம் வெக்கலாமா?" என்று அந்தம்மா கையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தார். அந்தம்மா வீல் என்று கத்தினார்.

சர்வர் ஓடி வந்தார். சென்னியப்பனின் கையைக் கெட்டியாகப் பிடித்து இழுத்தார்.

சென்னியப்பனுக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. "மாப்ள, பாத்தியா! புடிச்சுட்டாரு!" ஆனாலும் தெய்வாத்தாளின் பேச்சை மீறலாமா? "வேண்டாமுங்க, இப்பத்தான் சாப்ட்டு வந்தேன்" என்றார். சர்வர் இன்னும் பலமாக இழுத்தார். இன்னொரு சர்வர் வந்து அடுத்த கையையும் பிடித்துக்கொண்டார்.

"சரிங்க, சரிங்க. இவ்வளவு சொல்றீங்க, உங்க மனசு நோகக்கூடாது" என்று இருவரையும் சேர்த்து இழுத்துக்கொண்டு தொப்பென்று உட்கார்ந்து, அந்தம்மா விட்ட கேக்கை இரண்டே வாயில் உள்ளே தள்ளினார். அடேயப்பா, என்ன ருசி! காபியையும் ஒரு மடக்குக் குடித்துவிட்டார். அப்புறம்தான் சர்வர்களால் அவரைத் தூக்க முடிந்தது.

தெருவில் உட்கார்ந்தபடியே பெண்டாட்டிக்குப் போன் போட்டார். "புள்ள, ரெண்டு பேரு கையைப் புடிச்சு இழுத்து உக்கார வெச்சாங்க. வாசல் வரைக்கும் தூக்கிட்டு வந்து வழியனுப்புனாங்க. நம்ம சம்பந்திகூட இத்தனை செஞ்சதில்லை!"

"அது சரி, அவிங்களை நம்மூட்டுக்கு ஒருக்கா வரச் சொன்னீங்களா?"

சென்னியப்பன் தலையில் அடித்துக்கொண்டார். துண்டை உதறித் தோளில் போட்டு, மறுபடியும் கடைக்குள் போய், சர்வரின் கையைப் பிடித்து வாசல்பக்கமாக இழுத்தார். சர்வர் ஏதோ கத்தி, கையை உதறினார்.

"வேண்டாங்கறாரு, மச்சான்" என்றான் நாச்சிமுத்து.

"பின்னே, மொதல்லயே சரின்னு சொல்லுவாரா?" என்று சென்னியப்பன் பிடியை இறுக்கினார். "நீ அந்தக் கையைப் புடி மாப்ள."