வால்ரஸ்கள் ஏன் ஒட்டிப் படுக்கின்றன

அந்தக் காலத்தில், பிராணிகள் எல்லாம் வாய்விட்டுப் பேசிக்கொண்டிருந்த நாட்களில், வடக்கே பனிக்கடலில் வால்ரஸ்கள் தனித்தனியாகத்தான் வாழ்ந்தன. கடல் முழுக்கப் பனிப்பாளங்கள் மிதந்தன. ஆளுக்கு ஒரு பாளம். பக்கத்துப் பாளத்துக்காரியோடு பேசலாம், சிரிக்கலாம். ஆனால் அவள் இடத்தில் ஏறிப் படுக்கக் கூடாது. ஒருத்தியின் உடம்பு இன்னொருத்தியின் மேல் பட்டுவிட்டால் பெரிய சண்டையாகிவிடும். வாயிலிருந்து முழ நீளத்துக்கு இறங்கும் தந்தங்கள் இரண்டும் தண்ணீரிலிருந்து பாளத்தின் மேல் தொற்றி ஏற உதவின. மற்ற நேரமெல்லாம் கிட்டே வருபவர்களைக் குத்தித் தள்ளத்தான் பயன்பட்டன.

அவர்களில் செவலை என்று ஒருத்தி இருந்தாள். வெயிலில் கிடந்தால் மற்றவர்களைவிட அதிகமாகச் சிவப்பாள், அதனால் அந்தப் பெயர். அவளுடைய முதல் குட்டி பிறந்த நாலாம் நாளே செத்துப்போயிற்று. மூன்று வருஷம் கழித்துத்தான் மறுபடி சூல்கொண்டாள். வால்ரஸின் கர்ப்பம் லேசுப்பட்டதல்ல. ஒரு குளிர்காலத்தில் தொடங்கி, அடுத்த குளிர்காலத்தையும் வயிற்றுச் சுமையோடு கடந்து, அதன் பிறகு வசந்தத்தில் பெற வேண்டும். அப்படிப் பெற்ற குட்டிக்கு நெற்றியில் வெளுத்த புள்ளி ஒன்று இருந்தது. சுட்டி என்று பெயர் வைத்தாள்.

சுட்டி நாள் முழுக்கப் பால் குடித்தது. குடிக்காத நேரத்தில் அம்மாவின் முதுகில் ஏறிக்கொண்டு கடலைப் பார்த்தது. செவலை அதை விட்டு நகரவே இல்லை. பத்து நாள் ஆயிற்று. அவள் வயிறு ஒட்டிப்போயிற்று. பால் தண்ணீராக இறங்கியது. கடலின் அடிக்குப் போய், சேற்றை மீசையால் தடவித் தடவி மட்டிகளைக் கண்டுபிடித்து, ஓட்டிலிருந்து சதையை உறிஞ்சித் தின்றால்தான் பால் ஊறும். குட்டிக்கோ அவ்வளவு ஆழம் முங்கத் தெரியாது.

பக்கத்துப் பாளத்தில் மயிலை இருந்தாள். சாம்பல் நிறத்துக்காரி. அவளுக்கும் ஒரு குட்டி இருந்தது, சுட்டியைவிட ஒரு வசந்தம் மூத்தது.

"மயிலக்கா, நான் கீழே போயிட்டு வரேன். ரெண்டு மூணு முங்கு. அதுவரைக்கும் இவனைக் கொஞ்சம் பார்த்துக்கோ."

"நான் எங்கே போகப்போறேன்? இங்கேதானே கிடக்கேன். போயிட்டு வா," என்றாள் மயிலை.

செவலை முங்கினாள். மேலே வந்து மூச்சு வாங்கிக்கொண்டு, சுட்டி இருக்கிறானா என்று பார்த்துவிட்டு மறுபடி முங்கினாள். முதல் இரண்டு முங்கிலும் கிடைத்தது போதவில்லை. மூன்றாவது தடவை நல்ல மட்டித் திட்டு ஒன்று அகப்பட்டது. வாயால் தண்ணீரைப் பீய்ச்சிச் சேற்றைக் கலைத்தாள். மட்டிகள் கொத்துக் கொத்தாகக் கிடந்தன. மூச்சு முட்டும்வரை தின்றாள்.

அந்த நேரத்தில்தான் பனிக்கரடி வந்தது. பாளத்தின் மறுபக்கமாக நீந்தி வந்து, சத்தமில்லாமல் மேலே ஏறியது. சுட்டி அதைப் பார்த்து ஒரு தடவை கத்தியது. பிறகு மயிலை இருக்கும் பக்கம் திரும்பி இன்னொரு தடவை கத்தியது.

மயிலை தலையைத் தூக்கிப் பார்த்தாள். கரடி எவ்வளவு பெரியது என்றும், நடுவில் இருக்கும் தண்ணீர் எவ்வளவு குறுகியது என்றும் பார்த்தாள். அவளுடைய குட்டி அப்போது பால் குடித்துக்கொண்டிருந்தது. அவள் வாயைத் திறக்கவில்லை. தலையை மெல்லக் கீழே வைத்து, கரடி போகும்வரை கண்ணை மூடிக்கொண்டு கிடந்தாள்.

செவலை மேலே வந்தபோது பாளத்தில் இரத்தம் இருந்தது. அந்தத் தடம் பாளத்தின் மறுபக்கமாக இழுபட்டுப் போயிருந்தது. அவள் அதை மோந்து பார்த்தாள். கொஞ்சதூரம் அதன் கூடவே போனாள். பிறகு திரும்பித் தண்ணீரில் இறங்கி மயிலையின் பாளத்தோரம் வந்தாள்.

"நீ தூங்கிட்டியா?"

மயிலை பொய் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

"இல்லை. பார்த்தேன்."

"ஒரு குரல் கொடுத்திருக்கலாமே. நான் கீழேதானே இருந்தேன்."

"கொடுத்திருந்தா அது என் பக்கம் திரும்பியிருக்கும்."

செவலை அவளையே பார்த்துக்கொண்டு வெகுநேரம் தண்ணீரில் கிடந்தாள். குளிரில் அவள் தோல் வெளுத்துக்கொண்டே போயிற்று. இதற்குள் ஊறிவிட்ட பால் கசிந்து தண்ணீரில் கலந்தது. மயிலையின் குட்டி அந்த வாசனைக்கு எட்டிப் பார்த்தது. மயிலை அதைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

அன்றைக்குப் பிறகு செவலை ஒரு பாளத்தில் தங்கவில்லை. சூரியன் மறையாத அந்த மாதங்கள் முழுக்க, பாளம் பாளமாகப் போய் ஒவ்வொருவரையும் கூப்பிட்டாள். தண்ணீருக்கடியில் அவள் குரல் மணி அடிப்பதுபோலக் கேட்டது. கோடை முடிகிற நேரத்தில் பாளங்கள் பெரும்பாலும் கரைந்துவிட்டன. எல்லோரும் படுக்க இடம் தேடி ஒரு கூழாங்கல் கரைக்கு வந்தார்கள். பின்னால் மலை, முன்னால் கடல். அங்கே வைத்துச் செவலை பேசினாள்.

"இனிமேல் யாரும் தனியாப் படுக்க வேண்டாம். ஒருத்தி உடம்பு இன்னொருத்தி மேல் பட்டுக்கிட்டே இருக்கணும். ஒருத்தி பயந்து அசைஞ்சா அடுத்தவளுக்குத் தெரியும். அவ அசைஞ்சா அதுக்கு அடுத்தவளுக்குத் தெரியும். தெரிஞ்சவுடனே எல்லாரும் கடலுக்குள்ளே ஓடிடணும். என்ன ஏதுன்னு கேட்கக் கூடாது. யார் குட்டிக்கு ஆபத்துன்னு பார்க்கக் கூடாது. பார்த்தா யோசிப்போம். யோசிச்சா சும்மா இருந்துடுவோம்."

யாரும் மயிலையின் பக்கம் திரும்பவில்லை. ஆனாலும் எல்லோருக்கும் புரிந்தது.

கட்டைக்கொம்பி என்று ஒருத்தி, ஒரு தந்தம் பாதியில் முறிந்தவள், கேட்டாள்: "குட்டிங்க நம்ம வேகத்துக்கு ஓடுமா? நடுவிலே அகப்பட்டா?"

"அம்மா முதுகிலே ஏத்திக்கிட்டு ஓடுவா," என்றாள் செவலை.

"அதுக்கு நேரம் இருக்குமா?"

செவலை தன் மீசையைக் கட்டைக்கொம்பியின் மீசையோடு உரசினாள். ஒவ்வொருவராக மீசையோடு மீசை உரசிச் சத்தியம் செய்துகொண்டார்கள். பிறகு, உடம்பு கூசக் கூச, ஒருவரை ஒருவர் ஒட்டிப் படுத்தார்கள்.

மயிலையின் பக்கத்தில் மட்டும் இடம் காலியாக இருந்தது. செவலை போய் அங்கே படுத்தாள்.

"உனக்கு இங்கேதான் இடம் கிடைச்சுதா?" என்று மயிலை கேட்டாள்.

"வேற யாரும் படுக்க மாட்டாங்க."

அதற்குப் பிறகு இருவரும் பேசிக்கொள்ளவில்லை. ஆனால் தினமும் அப்படியே படுத்தார்கள்.

ஏற்பாடு பலித்தது. அந்த மாதத்தில் கரடி இரண்டு தடவை வந்தது. இரண்டு தடவையும் ஓரத்தில் இருந்தவள் தலையைத் தூக்கினாள், உடம்புக்கு உடம்பு செய்தி போயிற்று, கரடி கரைக்கு வருவதற்குள் கூட்டம் கடலில் இருந்தது. கரடி காலியான கற்களை மோந்துவிட்டுத் திரும்பிப் போயிற்று. அதன் விலா எலும்புகள் வெளியே தெரிந்தன. தண்ணீரிலிருந்து பார்த்த தாய்மார்கள் சந்தோஷப்பட்டார்கள். இன்னும் பல இடங்களிலிருந்து வால்ரஸ்கள் வந்து சேர்ந்தன. கரை நிரம்பி, ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்து கிடக்கிற அளவுக்கு ஆயிற்று.

செவலை மட்டும் தூங்கவில்லை. எல்லோரும் குறட்டை விடும்போது அவள் மலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கண் எரிந்தது. சில சமயம் கல் கரடியாகத் தெரிந்தது, பறவை கரடியாகத் தெரிந்தது. ஒவ்வொரு தடவையும் வாய்வரை வந்த குரலை அடக்கிக்கொண்டாள். அடக்கிய ஒவ்வொரு தடவையும், இது நிஜமாக இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்து நடுங்கினாள்.

காற்றில்லாத ஒரு பகலில், மலைச் சரிவில் வெள்ளையாக ஏதோ நகர்ந்தது. வேகமாகக் கீழே வந்தது. செவலை இந்தத் தடவை அடக்கவில்லை. கத்தினாள்.

கூட்டம் எழுந்தது. ஆயிரம் உடம்புகள் ஒரே நேரத்தில் கடலை நோக்கித் திரும்பின. மேட்டில் இருந்தவர்கள் பள்ளத்தில் இருந்தவர்கள் மேல் ஏறினார்கள். குட்டிகளை முதுகில் ஏற்ற ஒருத்திக்கும் நேரம் இல்லை. கூழாங்கற்கள் நொறுங்குகிற சத்தத்தில் வேறு எந்தச் சத்தமும் கேட்கவில்லை. செவலையும் ஓடினாள். தன் வயிற்றுக்கடியில் மெத்தென்று ஏதோ அகப்பட்டு நழுவியதை உணர்ந்தாள். நிற்க முடியவில்லை. பின்னால் வந்தவர்கள் அவளைத் தள்ளிக்கொண்டு போய்க் கடலில் போட்டார்கள்.

தண்ணீர் அமைதியானதும் எல்லோரும் தலையைத் தூக்கிக் கரையைப் பார்த்தார்கள். மலையடிவாரத்தில் பெரிய பனிக்கட்டி ஒன்று உடைந்து கிடந்தது. மேலிருந்து சரிந்து விழுந்த பனி. அவ்வளவுதான். கரடி எங்கேயும் இல்லை.

கரை முழுக்கக் குட்டிகள் கிடந்தன.

தாய்மார்கள் ஏறி வந்தார்கள். ஒவ்வொருத்தியும் ஒவ்வொரு குட்டியாக மோந்து பார்த்தாள். தன்னுடையதைக் கண்டவள் அங்கேயே நின்றாள். சிலர் மூக்கால் தள்ளி எழுப்பப் பார்த்தார்கள். ஒருத்தி செத்த குட்டியை முன்துடுப்பால் அணைத்துக் கடலுக்கு எடுத்துக்கொண்டு போனாள்.

மயிலை இருந்த இடத்திலேயே கிடந்தாள். அவள் ஓடவில்லை. தந்தங்களைக் கற்களுக்கிடையே ஊன்றி, குட்டியின் மேல் கவிழ்ந்து நின்றிருக்கிறாள். கூட்டம் முழுக்க அவள் மேல் ஏறிப் போயிருக்கிறது. முதுகெலும்பு முறிந்திருந்தது. மூச்சு மட்டும் இருந்தது. குட்டி அவளுக்கடியில் உயிரோடு முனகிக்கொண்டிருந்தது.

செவலை அவள் பக்கத்தில் வந்தாள்.

"கரடியா?" என்று மயிலை கேட்டாள்.

"இல்லை. பனி சரிஞ்சுது. நான்தான் தப்பாப் பார்த்துட்டேன்."

மயிலை மூச்சை இழுத்தாள்.

"எனக்குக் கோபம் இல்லை. நான் கத்தாமல் இருந்தேன். நீ கத்தினே. ரெண்டுலேயும் இப்படித்தான் ஆச்சு." மறுபடி மூச்சை இழுத்தாள். "உனக்கு இன்னும் பால் வருதா?"

"வருது. வத்தவே இல்லை."

"இவன் இன்னும் ஒரு வருஷம் குடிப்பான்."

அவ்வளவுதான் பேசினாள். அவள் உடம்பு குளிர்ந்த பிறகும் குட்டி அவள் வயிற்றை முட்டிக்கொண்டிருந்தது. பிறகு செவலையின் பால் வாசனைக்குத் திரும்பி வந்து அவளை முட்டியது. செவலை ஒரு தடவை நகர்ந்துகொண்டாள். அது பின்னாலேயே வந்தது. அவள் பக்கவாட்டில் சாய்ந்து படுத்து, அது குடித்து முடிக்கும்வரை மலையைப் பார்க்காமல் கிடந்தாள். அதைப் பார்த்த இன்னும் இரண்டு தாய்மார்கள், தங்கள் குட்டிகளை இழந்தவர்கள், கரையில் கதறிக்கொண்டிருந்த அநாதைக் குட்டிகளிடம் போனார்கள்.

வாசனை பிடித்துக்கொண்டு கரடி வந்து சேர்ந்தது. கூட்டம் கடலில் இறங்கி அது தின்பதைப் பார்த்தது. அந்த இலையுதிர்காலம் முழுக்க அதற்கு வேட்டையாட வேண்டிய அவசியமே இருக்கவில்லை.

"இது வேண்டாம் செவலை," என்றாள் கட்டைக்கொம்பி. "பழையபடி தனித்தனியாவே படுத்துக்கலாம்."

"சரி," என்றாள் செவலை.

அவர்கள் வேறொரு கரைக்குப் போனார்கள். அன்றைக்குத் தனித்தனியாகத்தான் படுத்தார்கள். ஆனால் ஒருத்தியாலும் கண்ணை மூட முடியவில்லை. பக்கத்தில் உடம்பு இல்லாமல் முதுகு குளிர்ந்தது. தனக்கு ஆபத்து வந்தால் யார் சொல்வார்கள் என்ற பயம் ஒவ்வொருத்தியையும் பிடித்துக்கொண்டது. முதலில் கட்டைக்கொம்பிதான் நகர்ந்து வந்து செவலையை ஒட்டிப் படுத்தாள். அப்புறம் ஒவ்வொருவராக எல்லோரும் வந்தார்கள்.

"அடுத்த தடவை நல்லாப் பார்த்துட்டுக் கத்து," என்றாள் கட்டைக்கொம்பி.

"அதுக்குள்ளே கரடி வந்துட்டா?" என்று செவலை கேட்டாள்.

கட்டைக்கொம்பி இன்னும் கொஞ்சம் நெருங்கிப் படுத்தாள்.

அன்று முதல்தான் வால்ரஸ்கள் எவ்வளவு பெரிய கரையிலும் ஒன்றை ஒன்று ஒட்டிக்கொண்டு படுக்கின்றன. ஒரு கல் உருண்டால்கூடத் தங்கள் குட்டிகளையே மிதித்துக்கொண்டு கடலுக்கு ஓடுகின்றன. ஓட்டம் ஓய்ந்த பிறகு, குட்டியை இழந்த தாய், தாயை இழந்த குட்டியைத் தேடிக்கொண்டு கரைக்குத் திரும்பி வருகிறது.