தாளாளர் படமும் மாரிக்கனியும்

ரிசல்ட் வந்த அன்றைக்குப் பார்த்துத்தான் பிரவுசர் அப்டேட் ஆனது. கல்லூரி இணையதளத்தில் தாளாளர் சிங்காரவடிவேலின் பெரிய படம் சரிந்து, மெனுவை மொத்தமாக மூடிக்கொண்டது. எங்கே அமுக்கினாலும் அவர் முகம்தான்.

"படத்தைக் கொஞ்சம் சின்னதாக்கணும் சார்" என்றாள் கம்ப்யூட்டர் ஆபரேட்டர் மாரிக்கனி.

"என் படத்துல கை வச்சா உனக்கு வேலை கிடையாது. ஆனா சாயங்காலத்துக்குள்ள மெனு வேலை செய்யணும்!"

"ஆகட்டும் சார்."

படத்தை அவள் தொடவேயில்லை. மெனுவை அதன் மேலேயே ஏற்றிவிட்டாள்.

சாயங்காலம் வாசலில் ஒரே சிரிப்பு. தாளாளர் எட்டிப் பார்த்தார். பிள்ளைகள் போனில் அவர் மூக்கை அமுக்கினால் ரிசல்ட் வந்தது. வழுக்கையை அமுக்கினால் விளையாட்டு மைதானம். வாயை அமுக்கினால் ஃபீஸ்.

"எடு அந்தப் படத்தை!" என்று கத்தினார்.

மாரிக்கனி எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னாள்: "ஐயோ, அதுல நான் கை வைக்கமாட்டேன் சார். வேலை போயிடும்!"