கெட்டால் மட்டும் மெயில்

இந்தக் கதையில் குருவுக்குத் தாடி கிடையாது. குரு மெஹருன்னிசாவுக்கு வயது முப்பத்து நான்கு. சீடர் அருளப்பன் அவளைவிட இருபது வயது மூத்தவர். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் இருந்து விருப்ப ஓய்வு பெற்று, சர்வர் பார்த்துக்கொள்ளும் வேலையைப் புதிதாகக் கற்க வந்தவர். அவர் அவளை டீச்சர் என்பார். அவள் அவரை அண்ணாச்சி என்பாள்.

பாளையங்கோட்டையில் ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேலே அவர்களுடைய அறை. எங்கெங்கோ மலையிலும் தீவிலும் இருக்கும் சின்ன ஆஸ்பத்திரிகளின் சர்வர்களை அங்கிருந்தபடியே கவனித்துக்கொள்வார்கள். அந்த ஊர்களை இருவரும் பார்த்ததில்லை. அங்கிருந்தும் யாரும் இவர்களைத் தேடி வந்ததில்லை.

அருளப்பனின் மனைவி இறந்துவிட்டாள். ஒரே மகள் ஜெனிட்டா கல்யாணமாகிப் புனேயில் இருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமையும் ஆபீசுக்கு வந்து உட்காருவார் மனிதர். வீட்டில் பேச ஆளில்லை, அவ்வளவுதான்.

"மக எப்படி இருக்கா அண்ணாச்சி?"

"நல்லா இருக்கா டீச்சர். ஒரு போன் கிடையாது." இதைப் பெருமையாகச் சொல்வார்.

ஒரு மலை ஆஸ்பத்திரியின் சர்வரைக் குரு அவர் பொறுப்பில் விட்டாள். பாதுகாப்பு அப்டேட்டுகள் தானாகவே ஏறும்படி அவர் அமைத்தார். அப்டேட் ஏறாமல் போனால் மட்டும் மெயில் வரும்படி வைத்தார். ஒழுங்காக நடக்கிறபோது எதற்கு வீண் தொந்தரவு?

மெயில் வரவே இல்லை. மழை முடிந்து, கிறிஸ்துமஸ் போய், வெயிலும் வந்துவிட்டது. தங்கமான சர்வர் என்று கீழே ஜெராக்ஸ் கடைக்காரரிடம்கூடச் சொல்லிவைத்தார்.

ஒரு மத்தியானம் குரு வேறு எதற்கோ அந்த சர்வருக்குள் போனாள்.

"அண்ணாச்சி, இங்க வாங்க."

கிறிஸ்துமஸுக்கு முன்பே அப்டேட் நின்றுபோயிருந்தது. நோயாளிகளின் விவரமெல்லாம் இருக்கிற இடம். இத்தனை மாதமும் கதவைத் திறந்து போட்ட வீடு மாதிரிக் கிடந்திருக்கிறது.

அருளப்பன் மெயில் பெட்டியைத் திறந்து பார்த்தார். "மெயில் வரலியே டீச்சர்!"

"டிஸ்க் நெறஞ்சு போச்சு. பழைய அப்டேட்டோட மிச்சம் எல்லாம் அழியாமக் கெடக்கு. புதுசு ஏற எடமில்ல."

"அதைச் சொல்லத்தான மெயில்?"

"மெயில் எழுதவும் அதே டிஸ்க்குலதான் எடம் வேணும்."

பிறகு இருவருமாக மிச்சங்களை அழித்தார்கள். அப்டேட்டுகள் ஒவ்வொன்றாக ஏறின. யாராவது உள்ளே புகுந்திருக்கிறார்களா என்று சாயங்காலம் வரை தேடினார்கள். யாரும் வந்த தடயம் இல்லை.

"திருடன்கூட எட்டிப் பாக்கல" என்றார் அருளப்பன். சிரிக்கப் பார்த்தார், சிரிப்பு வரவில்லை.

கொஞ்ச நேரம் கழித்துக் கேட்டார். "சத்தமில்லாம இருந்தா நல்லா இருக்குன்னுதான டீச்சர் நெனச்சேன். நல்லா இருந்து பேசாம இருக்கா, முடியாமப் பேசாம இருக்கான்னு எப்படிக் கண்டுபிடிக்க?"

"ஜெனிட்டா கடைசியா எப்ப பேசினா?" என்றாள் குரு.

"கல்யாணத்தன்னைக்கே சொல்லிட்டேன் டீச்சர். என்னை நெனச்சுக் கவலப்படாத, பிரச்சனைன்னா மட்டும் கூப்புடுன்னு. நானும் அப்படித்தான் கூப்புடுவேன்னேன். அவ கூப்புடல. அதனால நல்லா..."

மேசையில் கிடந்த அவருடைய போனைக் குரு அவர் பக்கம் தள்ளினாள்.

முதல் மணியிலேயே எடுத்துவிட்டாள் மகள். "அப்பா! என்னாச்சு? ஒடம்பு சரியில்லையா?" அவள் போட்ட சத்தம் குருவுக்கும் கேட்டது.

"ஒண்ணுமில்லம்மா."

"ஒண்ணுமில்லாம நீங்க கூப்புட மாட்டீங்களே."

"சும்மாதாம்மா" என்று சொல்லிப் போனை வைக்கப் போனார். அப்போது மெதுவாக, "அப்பா, வச்சிராதீங்க" என்றாள் ஜெனிட்டா.

அவர் போனைக் கையால் பொத்திக்கொண்டு திரும்பினார். ஊருக்கெல்லாம் லைன் கொடுத்த மனிதருக்கு, விஷயம் எதுவும் இல்லாமல் மகளிடம் பேசத் தெரியவில்லை. பார்க்கவே பாவமாக இருந்தது.

"என்ன சொல்ல டீச்சர்?"

"நல்லா இருக்கேன்னு சொல்லுங்க அண்ணாச்சி. நாளைக்கும் கூப்புட்டு அதையே சொல்லுங்க."