வீரணன் நாக்கு

ஆனைக்கரைப்பட்டியில் வீரணன் வாயைத் திறந்தால், சொன்னதில் பாதியைக் கழித்துவிட்டு மீதியில் பாதியை நம்பலாம் என்று ஒரு கணக்கு இருந்தது. நாசிக் போய்வந்த பிறகு அந்தக் கணக்கும் செல்லாமல் போனது.

கம்பத்துக்குத் தெற்கே, பார்த்த பக்கமெல்லாம் பந்தல் போட்டுப் பன்னீர் திராட்சை விளைவிக்கிற ஊர் அது. அந்த வருஷம் மாசி மாதம் ஒரு ஒயின் கம்பெனி வந்தது. பன்னீர்க் கொடியைப் பிடுங்கிவிட்டு, வெள்ளை ஒயினுக்கு ஆகிற பச்சைத் திராட்சையைப் போடுங்கள், விளைகிற அத்தனையையும் நாங்களே எடுத்துக்கொள்கிறோம் என்றது. நாற்பத்திரண்டு பேர் கையெழுத்துப் போட வேண்டிய ஒப்பந்தத் தாளும் வந்து சேர்ந்தது. அதைப் பேசி முடிக்கத்தான் ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணிக்குப் பழம் பேக்கிங் செய்கிற ஷெட்டில் எல்லோரும் கூடினார்கள். காலிப் பெட்டிகளைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தார்கள்.

அந்தத் தாளை முழுசாகப் படித்தது சொர்ணத்தாய் ஒருத்திதான். அவளுக்கு இரண்டு ஏக்கர். பத்தாவது வரை படித்தவள், எதையும் கடைசி வரி வரைக்கும் படிக்கிற ஆள். ஒன்பதாம் நம்பர் நிபந்தனையில் வந்து நின்றுவிட்டாள். ‘பழத்தின் தரம் குறித்து நிறுவனத்தின் சுவைக் குழு கூறுவதே இறுதியானது’ என்று அதில் இருந்தது. பழத்தைப் பிழிந்து ஒயினாக்கி, கம்பெனி ஆள் நாக்கில் விட்டுப் பார்த்து, சரியில்லை என்று சொல்லிவிட்டால் பாதி விலை. பழத்தைத் திருப்பிக் கேட்க முடியாது, அது ஒயினாகியிருக்கும். பன்னீர்க் கொடியையும் திருப்பிக் கேட்க முடியாது, அது அடுப்பில் எரிந்து சாம்பலாகியிருக்கும். தரம் பார்க்கத்தான் ஊர் வாங்கி வைத்த மீட்டர் இருக்கிறதே. அதில் சாற்றை ஒரு சொட்டு விட்டு வெளிச்சத்தில் பிடித்தால் சர்க்கரை எவ்வளவு என்று எண்ணில் காட்டிவிடுகிறது. அப்புறம் எதற்கு நாக்கு? இதைத்தான் அவள் கேட்பதாக இருந்தாள்.

கம்பெனியிலிருந்து வந்தவன் பேர் அபிநந்தன். கோயம்புத்தூர்ப் பையன், இருபத்தெட்டு வயது, நல்ல இஸ்திரி போட்ட சட்டை. ஐஸ் பெட்டியில் மூன்று வித வெள்ளை ஒயின், விதத்துக்கு இரண்டு பாட்டிலாகக் கொண்டுவந்திருந்தான். உங்கள் பழம் என்னவாக மாறப்போகிறது என்று நீங்களே ருசி பாருங்கள் என்று விதத்துக்கு ஒரு பாட்டிலைத் திறந்து, டீக்கடை பேப்பர் கப்பில் ஆளுக்கு இரண்டு மடக்கு ஊற்றிக் கொடுத்தான்.

வாழ்நாளெல்லாம் திராட்சையோடு கிடந்த நாற்பத்திரண்டு பேரும் அன்றுதான் ஒயினை முதன்முதலாக வாயில் வைத்தார்கள். ஷெட்டே விளக்கெண்ணெய் குடித்த முகமாக மாறியது. ஒச்சப்பன் எதையும் நீட்டிப் பேசாத ஆள். மூன்று நாள் பழைய சோற்றுத் தண்ணி மாதிரி இருக்கிறது என்று சொல்லிவிட்டுக் கப்பைக் கீழே வைத்தார். சொர்ணத்தாய் விரல் நுனியில் தொட்டு நாக்கில் வைத்தாள். ஊறுகாய் ஜாடி கழுவின தண்ணி என்றாள்.

அபிநந்தன் கோபப்படவில்லை. அப்படி இல்லைம்மா, நிதானமாக ருசித்தால் பேரிக்காய் தெரியும், எலுமிச்சம்பூ தெரியும், அறுத்த புல் தெரியும், கடைசியில் மழையில் நனைந்த கல்லின் ருசிகூடத் தெரியும் என்று விளக்கினான்.

“நனைஞ்ச கல்லை யாரு தம்பி நக்கிப் பாத்தது?” என்று கேட்டாள் சொர்ணத்தாய்.

சிரிப்பு எழுந்தது. பழகின நாக்குக்கு எல்லாம் தெரியும், அதற்காகத்தான் ஒன்பதாம் நம்பரே இருக்கிறது என்று அவன் ஆரம்பித்தான். சொர்ணத்தாய் பதிலை எடுத்துக் கையில் வைத்திருந்தாள். அதற்குள் பின்வரிசைப் பெட்டியிலிருந்து வீரணன் எழுந்து நின்றார்.

“தம்பி சொல்றது நெசம்” என்றார். “நாசிக்ல நானே அஞ்சு ஒயினுக்குத் தீர்ப்புச் சொல்லிட்டு வந்தவன்.”

நாசிக் பக்கத்துத் திராட்சைத் தோட்டங்களைப் பார்க்க, ஊரிலிருந்து பதினொரு பேர் பஸ்ஸில் போனது உண்மை. அதில் வீரணன் இருந்ததும் உண்மை. உண்மை அதோடு முடிந்தது.

அங்கே ஒரு பெரிய ஒயின் தோட்டத்தில் போட்டி நடந்துகொண்டிருந்ததாம். ஐந்து வெள்ளை ஒயின், ஐந்து நீதிபதிகள். அதில் ஒருத்தருக்கு ஜலதோஷம் பிடித்து மூக்கு அடைத்துக்கொண்டது. முதலாளி கையைப் பிசைந்துகொண்டு வாசலுக்கு வந்தவர், வீரணனின் மூக்கைப் பார்த்துவிட்டு அங்கேயே நின்றுவிட்டாராம். இந்த மூக்கை வெளியில் நிற்க வைத்தால் பாவம் என்று கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போய் உட்கார வைத்தாராம்.

தானும் அதே பஸ்ஸில்தான் வந்ததாக ஒச்சப்பன் ஞாபகப்படுத்தினார்.

நீ வயிற்றுப்போக்கில் பின்சீட்டில் சுருண்டு கிடந்தாய், உனக்கு என்ன தெரியும் என்று வீரணன் மேலே போனார். ஒச்சப்பனுக்கு வயிறு சரியில்லாமல் இருந்ததும் உண்மைதான்.

முதல் கிளாஸைக் கொடுத்தார்களாம். வெள்ளை ஒயின் என்று பேர், பார்த்தால் கோமியம் நிறம். ஏன் வெள்ளை என்கிறீர்கள் என்று வீரணன் கேட்டதற்கு அந்தச் சபையில் பதில் சொல்ல ஆள் இல்லை. பக்கத்தில் பிரான்சு தேசத்து நீதிபதி ஒருத்தர். அவர் மோந்துவிட்டு, புல் வாசம் என்று எழுதினாராம். வீரணன் மோந்தார். வெறும் புல் இல்லை, அருகம்புல். பனி காயும் முன்னே அறுத்தது. அறுத்தவள் இடது கைக்காரி. ஆளை அனுப்பி விசாரித்தார்கள். இடது கையில் அரிவாளோடு ஒரு அம்மாள் வந்து நின்றாளாம்.

சொர்ணத்தாய்க்கும் சிரிப்பு வந்தது. ஊரே சிரித்தது. வீரணனுக்கு அது போதும், குரல் ஒரு கட்டை ஏறியது.

இரண்டாவது ஒயின். பிரான்சுக்காரர் மூக்கை விட்டுப் பார்த்து, இதில் பூனை மூத்திர வாசம் இருக்கிறது, உயர்ந்த சரக்கு என்று சொன்னாராம்.

இந்த இடத்தில் ஷெட்டே அபிநந்தனைத் திரும்பிப் பார்த்தது. அவன் தலையைச் சொறிந்துகொண்டு, ஆமாம், அப்படி ஒரு வாசம் உண்டு, பெரிய ஆட்கள் அதைப் பாராட்டித்தான் சொல்வார்கள் என்றான். வீரணனே ஒரு கணம் திகைத்துப் போனார். தான் அளந்துவிட்டது நிஜமாகிவிட்ட அனுபவம் அவருக்குப் புதிது.

சுதாரித்துக்கொண்டு தொடர்ந்தார். கடுவனா பெட்டையா என்று அவர் பிரான்சுக்காரரைக் கேட்டாராம். அவருக்குத் தெரியவில்லை. வீரணன் ஒரு சொட்டை நாக்கில் உருட்டிப் பார்த்து, பெட்டை, மூன்று மாதக் கர்ப்பம், வயிற்றில் நாலு குட்டி, அதில் ஒன்றுக்கு வால் குட்டை என்று சொல்லிவிட்டார்.

பூனைக்குக் கர்ப்பமே இரண்டு மாதம்தான் என்று ஒச்சப்பன் குறுக்கே விழுந்தார்.

“அது நம்ம ஊர்ப் பூனை” என்றார் வீரணன்.

மூன்றாவது ஒயினை வாயில் கொப்பளித்துத் துப்ப வேண்டும், அதுதான் அங்கே மரியாதை. எல்லோரும் வாளியில் துப்பினார்கள். வீரணனுக்கு வாளி எட்டவில்லை, ஜன்னல் பக்கம் துப்பினார். வெளியே பட்டுப்போன கல்யாண முருங்கைக் கம்பு ஒன்று வேலியில் நின்றது. அதன் மேல் விழுந்தது. நாலாவது ஒயினை ஊற்றி முடிப்பதற்குள் அந்தக் கம்பு துளிர்விட்டு, பூத்து, காக்கை வந்து கூடு கட்ட இடம் பார்த்துக்கொண்டிருந்ததாம்.

அந்த மாதிரி ஹாலில் ஏசி போட்டு ஜன்னலையெல்லாம் அடைத்துத்தானே வைத்திருப்பார்கள் என்றார் ஒச்சப்பன். அடைத்துத்தான் இருந்தது, அதனால்தான் கண்ணாடியிலும் ரெண்டு இலை விட்டது என்றார் வீரணன்.

ஐந்தாவதுதான் ஆபத்தான ஒயினாம். டிரை என்று சீட்டு ஒட்டியிருந்தது. இனிப்பு இல்லாததைத்தான் டிரை என்போம் என்று அபிநந்தன் திருத்தப் பார்த்தான். அது நீங்கள் விற்கிற டிரை, நான் சொல்கிறது அசல் டிரை என்று வீரணன் அவனை உட்காரச் சொன்னார். அந்த ஒயினில் ஈரமே கிடையாது. மூடியைத் திறந்ததும் மேஜையில் கிடந்த ஈரத்துண்டு மொடமொடவென்று காய்ந்தது. பிரான்சுக்காரருக்கு வேர்வை நின்றது. மூலையில் இருந்த கண்ணாடித் தொட்டியில் தண்ணி வற்றி, மீன்கள் கருவாடாகிக் கிடந்தன. மற்ற நாலு நீதிபதிகளும் எழுந்து ஓடிவிட்டார்கள். வீரணன் ஒருவர்தான் துணிந்து ஒரு மடக்குக் குடித்து, வாயை இறுக்க மூடிக்கொண்டார். மூடாமல் இருந்திருந்தால் கோதாவரி அன்றைக்கே மணலாகியிருக்கும். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டு இரண்டு நாள் வரவில்லையாம்.

“அந்த ரெண்டு நாளும் பஸ்ஸுல வாய் மூடாமப் பேசிக்கிட்டு வந்தியே” என்றார் ஒச்சப்பன்.

“அது நாக்கு இல்லாமப் பேசினது” என்றார் வீரணன்.

பெட்டிகள் அதிரச் சிரித்தார்கள். சொர்ணத்தாய்க்கு மட்டும் சிரிப்பு நின்றுபோயிருந்தது. அவள் அபிநந்தனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் சிரிக்கவில்லை. ஒப்பந்தத் தாளை மேஜையில் விரித்து, பேனா மூடியைக் கழற்றி வைத்துவிட்டு, சிரிப்பு அடங்கக் காத்திருந்தான். ஐயா வேடிக்கையாகச் சொன்னாலும் விஷயம் அதுதான், அனுபவப்பட்ட நாக்குக்கு எதுவும் தப்பாது என்பது உங்கள் ஊர்க்காரருக்கே தெரிந்திருக்கிறது, அப்புறம் ஒன்பதாம் நம்பரில் என்ன சந்தேகம் என்று மெல்ல எடுத்துக்கொடுத்தான். சிரித்துக் களைத்த முகங்கள் ஆமாம் ஆமாம் என்று ஆடின. வீரணன் எல்லோருக்கும் முன்னால் தலையை ஆட்டினார். முதல் வரிசையில் இரண்டு பேர் கையெழுத்துப் போட எழுந்தும்விட்டார்கள்.

சொர்ணத்தாய் கணக்குப் போட்டுப் பார்த்தாள். மீட்டரைப் பற்றி இப்போது பேசினால், நல்ல நேரத்தில் அழுகிறவள் என்பார்கள். புளுகை எதிர்த்துக் கத்தினால் புளுகுதான் ஜெயிக்கும். பிறகு எழுந்து, ரொம்பப் பணிவாகக் கேட்டாள்.

“அண்ணே, அவ்வளவு பெரிய நாக்கு நம்ம ஊருல இருக்குன்னு இத்தனை நாள் தெரியாமப் போச்சு. நீங்களும் இந்தத் தம்பியும் எங்களுக்கு ஒரு தடவை ருசி பாத்துச் சொல்லணும். திறக்காத பாட்டில் மூணு இருக்கு. திரும்பி உக்காருங்க. நான் ஊத்தித் தாரேன், எது எதுன்னு சொல்லுங்க.”

வீரணன் உடனே திரும்பி உட்கார்ந்துவிட்டார். ஐந்து ஒயினுக்குத் தீர்ப்புச் சொன்னவர் மூன்றுக்கு மாட்டேன் என்று எப்படிச் சொல்வது? அவர் உட்கார்ந்த பிறகு அபிநந்தனுக்கும் வழி இல்லை. நாற்பது பேர் பார்க்கிறார்கள். சிரித்துக்கொண்டே அவனும் சுவரைப் பார்த்து உட்கார்ந்தான். அடுக்கியிருந்த பெட்டிகளுக்குப் பின்னால் போய்ச் சொர்ணத்தாய் ஊற்றினாள். ஒச்சப்பன் பக்கத்தில் நின்று பார்த்தார். பார்த்தவர் கண் ஒரு சுற்றுப் பெரிதானது.

முதல் கப். அபிநந்தன் கண்ணை மூடி ருசித்து, பேரிக்காய், லேசான பூ வாசம், முதல் பாட்டில் என்றான். இந்தக் கொடியை நட்டவன் அன்றைக்குப் பெண்டாட்டியோடு சண்டை போட்டிருக்கிறான் என்றார் வீரணன்.

இரண்டாவது கப். இது கனமாக இருக்கிறது, கடைசியில் தேன் தட்டுகிறது, சந்தேகமே இல்லை, இரண்டாவது பாட்டில் என்றான் அவன். இது தொண்ணூறு அடிக் கிணற்றுத் தண்ணி, மோட்டார் மட்டும் பழசு என்றார் இவர்.

மூன்றாவது கப்பை அபிநந்தன் ரொம்ப நேரம் வைத்திருந்தான். இதுதான் நான் சொன்ன நனைந்த கல், நன்றாகத் தெரிகிறது, மூன்றாவது பாட்டில் என்றான். இது வருகிற வழியில் திருமங்கலம் தாண்டி ஒரு பள்ளத்தில் வண்டி தூக்கிப் போட்ட ஒயின், பயத்தின் ருசி இருக்கிறது என்றார் வீரணன்.

இரண்டு பேரையும் திரும்பச் சொன்னாள். மேஜையில் மூன்று பாட்டிலும் இருந்தன. இரண்டில் ஒயின் கழுத்தளவுக்கு அப்படியே நின்றது. ஒன்று மட்டும் அரைக்குக் கீழே இறங்கியிருந்தது.

“மூணு கப்பும் ஒரே பாட்டில்தான்” என்றாள் சொர்ணத்தாய். ஒச்சப்பன் ஆமாம் என்று மட்டும் சொன்னார். அவர் சொன்னால் ஊரில் மறுபேச்சு கிடையாது.

யாரும் சிரிக்கவில்லை. கையெழுத்துப் போட எழுந்த இரண்டு பேரும் உட்கார்ந்துவிட்டார்கள். பாதி விலை என்று தாளில் இருந்தது அப்போதுதான் ஒவ்வொருத்தர் தலைக்குள்ளும் இறங்கியது. அபிநந்தனுக்குக் காது மடல் சிவந்தது. கப்பில் ஊற்றினால் வாசம் மாறும், இன்றைக்கு வெயில் அதிகம், வண்டியில் வந்த அலுப்பு என்று ஏதேதோ சொன்னான். சொல்லச் சொல்ல அவன் சத்தம் குறைந்தது.

வீரணன் மட்டும் துளிகூட அசரவில்லை. கப்பைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

“ஒரே ஒயினுன்னு எனக்குத் தெரியாதா? ஒயினுக்குத்தான் தம்பி சொல்லிட்டானே, அதுக்கு ரெண்டு ஆளு எதுக்கு? நான் சொன்னது கப்புக்கு.”

அதற்குத்தான் ஷெட் சிரித்தது. அபிநந்தனும், வேறு வழியில்லாமல், கூடச் சேர்ந்துகொண்டான்.

சிரித்து முடித்ததும் சொர்ணத்தாய் மீட்டர் விஷயத்தை எடுத்தாள். இந்த முறை எல்லோரும் கேட்டார்கள். பழம் தோட்டத்தை விட்டு வண்டி ஏறும் முன்னே, ஊர் மீட்டரிலும் கம்பெனி மீட்டரிலும் சர்க்கரை பார்க்க வேண்டும். எண் சரியென்றால் முழு விலை. அதற்கப்புறம் ஒயின் எப்படி வந்தாலும் அது கம்பெனி பாடு. மேலிடத்தில் கேட்க வேண்டும் என்று அபிநந்தன் வெளியே போய் அரைமணி நேரம் போனில் பேசினான். புதுத் தாள் எடுத்துக்கொண்டு வியாழக்கிழமை வருகிறேன் என்றான். கையெழுத்தையும் வியாழக்கிழமையே வைத்துக்கொள்ளலாம் என்று ஊர் சொல்லிவிட்டது. சொன்னபடி வந்தான். ஒன்பதாம் நம்பரில் நாக்கு போய் மீட்டர் வந்திருந்தது. நாற்பத்திரண்டு பேரும் போட்டார்கள், சொர்ணத்தாய் கடைசி வரி வரைக்கும் படித்துவிட்டுக் கடைசியாகப் போட்டாள்.

இனி, பழம் எடுக்கிற நாளில் ஊர் சார்பாக மீட்டரோடு யார் நிற்பது என்ற பேச்சு வந்தது. வீரணன் முன்னால் வந்தார். மீட்டரே தேவையில்லை, கொடியில் தொங்கும்போதே எட்ட நின்று நாக்கை நீட்டினால் தனக்குச் சர்க்கரை தெரிந்துவிடும், புள்ளிக்குப் பிறகு இரண்டு எண் வரைக்கும் சொல்லிவிடுவேன் என்றார்.

சொர்ணத்தாய் அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

“வேணாம்ணே. மீட்டருக்கு நாக்கு கிடையாது. அதுக்காகத்தான் அதை வாங்கினோம்.”