ஆறு மென்ன கொழுக்கட்டை

நாளைக்கு ஆபீசர் வாராவளாம். அணைக்குக் கீழ லாரி லாரியா சரளைக்கல்லும் மணலும் கொட்டுதாவள்லா, அதனால ஆத்துக்கு நல்லது நடந்துச்சா இல்லையான்னு ஊர்க்காரங்ககிட்ட கேப்பாவளாம். நல்லதுன்னா இன்னும் கொட்டுவாவ. இல்லேன்னா லாரி நின்னுரும், நம்ம குடிதண்ணி கிணறு பழையபடி வத்திரும்.

"நானே பேசுதேன்"ன்னேன். பக்கத்துல துவைச்சிக்கிட்டிருந்த மாடத்தியும் பேராச்சியும் என்னைப் பாத்த பார்வை இருக்கே!

"என்ன சொல்லுவிய அத்தை?"ன்னா மாடத்தி.

உள்ளதைச் சொல்லுவேன். கரண்டுக்காக அணை கட்டினாவ, மணலெல்லாம் மேலயே தங்கிப்போச்சு. கீழ வார தண்ணி வெறும் வயித்தோட வந்துச்சு. கரையைத் தின்னுச்சு. நான் துவைக்கிற கல்லைத் தின்னுச்சு. கல்லு மேல கெடந்த என் சேலையை முந்தியில இருந்து பாதி வரைக்கும் தின்னுட்டு, சாயம் பிடிக்கலன்னு துப்பிட்டு.

"அது மாடு தின்னது மதினி"ன்னா பேராச்சி. "நான் பாத்தேன்."

மாடுந் தின்னுச்சு. மிச்சத்தை ஆறு தின்னுச்சு. கேளுட்டி. போன ஆடிச் செவ்வாய், அவ்வை நோன்பு. ஆம்பளை கண்ணுல படாம நாம அவிக்கிற உப்பில்லாக் கொழுக்கட்டை. உங்க எல்லாரோடதும் தீந்துட்டு, என்னது மட்டும் ஒரு அண்டா அப்படியே கெடந்துச்சு. எங்க வீட்டுக்காரருக்கு முன்பல்லு ரெண்டும் போச்சே, அது என் முறுக்கைக் கடிச்சுத்தான்னு ஊரெல்லாம் சொல்லுதாவ. பொய்யி. அது இட்லி. அதை விடு. ஆம்பளைக பாத்திரக் கூடாதேன்னு அண்டாவோட ஆத்துல கவுத்திட்டேன்.

ஆறு மூணு நாளு மென்னுச்சு. முடியல. ஒண்ணொண்ணா உருட்டிக்கிட்டே போயி பாலத்துக்கிட்ட போட்டுட்டு. அதுல மணலு வந்து தங்குச்சு. கெண்டை மீனெல்லாம் வரிசையில நின்னு முட்டை போட்டுச்சு. தலைப்பிரசவ மீனுக்கு மத்தது எடம் விட்டுச்சு.

"லாரி கொட்டின சரளையிலதான அத்தை முட்டை போட்டுச்சு?"

சரளையை வெள்ளம் அடிச்சிட்டுப் போயிட்டு! என் கொழுக்கட்டை அசையல. அளக்க வந்த இன்ஜினியரு தம்பி ஒண்ணை எடுத்து சுத்தியலால அடிச்சாரு. சுத்தியலு ரெண்டாப் போச்சு. "எந்த மலைக் கல்லும்மா இது?"ன்னாரு. நோன்பு விசயத்தை ஆம்பளைகிட்ட சொல்ல முடியுமா? "எங்க வீட்டு குவாரி"ன்னேன். "இது முன்னமே கெடச்சிருந்தா சிமெண்ட் இல்லாமலே அணை கட்டிருப்போமே"ன்னு அழாத கொறையாப் போனாரு.

பேராச்சி கையில இருந்த சோப்பு தண்ணியில போச்சு. "மதினி, நாளைக்கு இதையா சொல்லப்போறிய? கல்லு வேண்டாம், கொழுக்கட்டையே போதும்னு லாரியைத் திருப்பிருவாவ!"

அட, அதை நான் யோசிக்கவே இல்ல.

"உங்களைக் கும்பிட்டுக் கேக்கோம் அத்தை"ன்னா மாடத்தி. "ஆபீசரு என்ன கேட்டாலும், காது கேக்காத மாதிரி இருந்திருங்க."

சரின்னுட்டேன். காது கேக்காத மாதிரி இருக்கதுல இந்த ஜில்லாவுலயே என்னை மிஞ்ச ஆளு கெடையாது. எங்க மாமியாரு உசுரோட இருந்த முப்பது வருசமும் பின்ன என்ன செஞ்சேன்?