பேண்ட் இல்லாத சட்டை

ஐ.டி. கம்பெனிகள் சம்பளத்தை ஏற்றி ஏற்றி ஆள் இழுத்துக்கொண்டிருந்த நேரம். யார் போனோடு வெளியே போனாலும் மேனேஜர் சடகோபனுக்குச் சந்தேகம். அவர் குடியிருக்கும் அபார்ட்மென்ட்டுக்குச் செக்ரட்டரியும் அவர்தான். தன் டைரக்டரையும் கூட்டிக்கொண்டு, வாசலில் துணி தேய்க்கும் அஞ்சலையிடம் வந்தார்.

"இங்க குடியிருக்கிற எங்க ஆளுங்கள்ல எவன் வேற கம்பெனிக்குத் தாவப்போறான்? சொல்லலேன்னா நாளைக்கு உன் வண்டி இங்க நிக்காது."

அஞ்சலை இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். "ஆபீஸ் போறவங்க சட்டை, பேண்ட் ரெண்டும் குடுப்பாங்க சார். கம்ப்யூட்டர்ல வேற வேலைக்கு இன்டர்வியூ குடுக்கிறவங்க சட்டை மட்டும்தான் குடுப்பாங்க. கேமராவுல இடுப்புக்குக் கீழ தெரியாதுல்ல."

டைரக்டர் முன்னால் வந்தார். "இந்த வாரம் யாரும்மா?"

"ஒரே வீடுதான் சார். மூணு சட்டை." மடித்த சட்டைகளைச் சடகோபன் கையில் வைத்தாள். "பார்த்துப் பிடிங்க சார், சூடு ஆறல."